எக்ஸ்870ஈ போர்ட்: வடிவு சரி, மேசையில் வைத்துப் பார்த்த சோதனையை நம்பலாமா?

கல்லடிக்கரை எழுதியது:

வணக்கம். கல்லடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன், விளங்கியவர்கள் சொல்லுங்கள்.

கத்தாரிலிருந்து லீவில் வந்த மச்சான் எனக்கு ஏஎம்டி சிபியுவுக்கான ஒரு எக்ஸ்870ஈ மதர்போர்ட் கொண்டு வந்தார். அந்தக் கம்பனியின் வரிசையில் அதற்கு மேலே ஒன்றோ இரண்டோ மொடல்தான். நான் முதலில் நினைத்து வைத்திருந்த சாதாரண எக்ஸ்870 போர்ட் இரண்டை அந்தக் காசுக்கு வாங்கலாம். மற்றச் சாமான் எல்லாம் முன்பே சேர்த்தாயிற்று: ரைசன் 9 9950எக்ஸ் சிபியு, 32 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, 360 மில்லிமீட்டர் வாட்டர் கூலர், 850 வாட் பவர் சப்ளை.

பெட்டியைத் திறந்த நேரம் உண்மையாகவே கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டேன். அவ்வளவு வடிவு. கறுப்புப் பலகை, அதன் மேல் எங்கு பார்த்தாலும் உலோக மூடி, ஓரமாக ஒரு வெள்ளிப் பட்டை, பின்பக்கம் முழுவதும் தகடு, கையில் தூக்கினால் நல்ல கனம். கரண்ட் கொடுத்ததும் பக்கத்து மூடியில் சின்னம் மெதுவாக ஒளிர்ந்தது. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

ஆனால் டவுனில் கடை வைத்திருக்கிற நண்பர் ஒருவர், "இதை எனக்குத் தா, எக்ஸ்870 போர்ட் ஒன்றும் மிச்சக் காசும் தாறேன்" என்கிறார். வருகிற ஞாயிறு பதில் சொல்ல வேண்டும். அதனால் நானே சோதித்துப் பார்த்தேன். போர்டை அது வந்த வெள்ளி நிறப் பையின் மேல் வைத்து, ஜன்னலோரம் மேசையில், கேஸ் இல்லாமல், சிபியுவை முழு வேகத்தில் வேலை வாங்குகிற சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டினேன். சிபியு 93 டிகிரி வரை போனது. சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கிற விஆர்எம் பகுதி 58 என்று எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் காட்டுகிறது. அந்த வெள்ளிப் பட்டையில், தொடாமலே சூடு அளக்கிற இன்ஃப்ராரெட் கன்னைப் பிடித்தால் 37தான் வருகிறது. எதை நம்புவது? இணையத்தில் இதே போர்டுக்கு ஒருவர் 50 என்றும் இன்னொருவர் 67 என்றும் போட்டிருக்கிறார்கள்.

வடிவு என்று சொல்வதை எப்படித்தான் எடைபோடுவது என்பதும் என் கேள்வி. அழகுக்கு மட்டும் காசு கொடுக்கிறேனா, அந்த அழகு ஏதாவது வேலையும் செய்கிறதா?

காத்தான்குடி_ஈயப்பற்று எழுதியது:

தம்பி, முதலில் போர்டை அந்தப் பையிலிருந்து இறக்குங்கள். வெள்ளி நிறப் பையில் உலோகப் படலம் இருக்கிறது, போர்டைப் பத்திரமாக வைக்கத்தான் அது, மேலே வைத்து ஓட்ட அல்ல. போர்ட் வந்த அட்டைப் பெட்டியே போதும். பின்தகடு இருப்பதால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கன் காட்டுகிற 37 பிழையான கணக்கு. பளபளப்பான உலோகம் தன் சூட்டை வெளியே மிகக் குறைவாகத்தான் வீசும், மேலே உள்ள சீலிங்கின் சூட்டைத்தான் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். பெரும்பாலான கன்கள், பொருள் சூட்டை வீசுகிற திறன் 0.95 என்ற அளவில் கட்டி வைக்கப்பட்டவை, மினுக்கிய அலுமினியம் 0.1 பக்கம்தான் வரும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை, சூட்டைப் பரப்புகிற உலோகக் கட்டியான ஹீட்சிங்கில் நன்றாக ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் பிடியுங்கள். அப்போதும் 58 வராது, கொஞ்சம் குறைவாகவே வரும், ஏனென்றால் சென்சர் இருப்பது பலகையில் சிப்களுக்குப் பக்கத்தில், நீங்கள் தொடுவது உலோகத்தின் வெளிப்புறத்தை. அந்த இடைவெளி ஏழெட்டு டிகிரிக்குள் நின்றால் உள்ளே சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேட் சரியாகப் பிடித்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். இருபதைத் தாண்டினால் மூடியைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

வடிவைப் பார்க்க எனக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. லைட் எல்லாவற்றையும் போர்டின் ஆரம்ப மென்பொருளான பயோஸில் அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்ப்பேன். எல்இடி எரிகிற போர்டில் கண் எல்இடியைத்தான் பார்க்கும். அணைத்த பிறகுதான் ஹீட்சிங்க் ஒரே கட்டியா, காற்றுப் போக வெட்டிய செதில்கள் உள்ளதா என்பது தெரியும். சிபியுவின் இடப்பக்கக் கட்டியையும் மேல் கட்டியையும் சூட்டைக் கடத்துகிற ஒரு குழாய், ஹீட்பைப், இணைக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறார்களா, ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் ஊசியா என்றும் பாருங்கள், ஸ்க்ரூதான் பேடை நாலு பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். பக்கத்து மூடியை நகத்தால் தட்டினால் உலோகமா பிளாஸ்டிக்கா என்று சத்தமே சொல்லும். சில விலை கூடிய போர்டில் அது அலுமினியம், கீழே உள்ள ஹீட்சிங்கோடு ஒட்டி வேலையும் செய்யும். சிலதில் வெறும் பிளாஸ்டிக், ஹீட்சிங்கை மூடிக் காற்றைத் தடுப்பதுதான் அது செய்கிற வேலை.

சிபியு உட்காருகிற சொக்கெட்டின் ஊசிகளை இன்றைக்கே பாருங்கள். ஏஎம்5 சொக்கெட்டில் 1718 ஊசி, ஒன்று வளைந்தாலும் ராமின் ஒரு பக்கம் காணாமல் போகலாம். உங்களிடம் தாலியையும் மோதிரத்தையும் கிட்ட வைத்து எடுக்கிற மக்ரோ லென்ஸ் இருக்குமே, அதைவிட நல்ல கருவி இதற்கு இல்லை. சொக்கெட்டின் மேல் வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். வெளிநாட்டில் வாங்கியது, வாரண்டி அங்கேதான் என்றால் இன்னும் கவனம்.

இன்னொன்று, நீங்கள் இருப்பது கல்லடி. கடற்கரைப் பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற போர்டுகளை நான் திறந்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன். யுஎஸ்பி வாயில் செங்கறை, கேஸ் ஸ்க்ரூவில் துரு, மார்கழி மழை முடிந்து வருகிறவற்றில் பின்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. போன வருடம் ஒரு போர்ட் வந்தது, மேலே மூடிகள் எல்லாம் புதிது மாதிரி மினுங்குது, எஸ்எஸ்டி டிரைவ் பூட்டுகிற எம்.2 ஸ்லொட்டின் மூடியைக் கழற்றினால் ஸ்க்ரூ துருவேறி நூலே போயிருந்தது. ஐசோப்ரொபைல் அல்கஹோலில் கழுவி எடுத்தேன், அந்த எம்.2 ஸ்லொட் மட்டும் திரும்பி வரவில்லை. மூடிகள் அழகுதான், ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். கேஸ் இல்லாமல் இரவிரவாக மேசையில் விடவும் வேண்டாம், பல்லி ஊர்ந்து பவர் சப்ளை கருகிய சாமான் என் கைக்கு இரண்டு வந்திருக்கிறது.

ஒலுவில்_மாணவன் எழுதியது:

நானா சொன்னதெல்லாம் சரி. நான் சோதனைப் பக்கத்தைக் கதைக்கிறேன்.

அண்ணா, நீங்கள் எழுதியதில் இல்லாத ஒரு எண் அறையின் வெப்பநிலை. ஒருவர் 50 என்கிறார், ஒருவர் 67 என்கிறார், இரண்டு பேரும் உண்மை சொல்லியிருக்கலாம். ஏசி போட்ட 21 டிகிரி அறையில் திறந்த மேசையில் 50 வந்தால் அறையைவிட 29 கூட. அதே போர்ட் 34 டிகிரி அறையில் அதே காற்றோடு 63 காட்டும். இப்போது கச்சான் காற்று அடிக்கிற நாட்கள், பகல் இரண்டு மணிக்கு உங்கள் அறை எவ்வளவு என்று தெரியாமல் எந்த விமர்சனத்தோடும் ஒப்பிட முடியாது. ஒரு சாதாரண வெப்பமானியைக் கூலர் ஃபேன் காற்றை இழுக்கிற பக்கம் வைத்து, ஒவ்வொரு தடவையும் அதையும் எழுதுங்கள்.

சிபியுவுக்கு இந்தக் கழித்தல் கணக்குச் சரிவராது. 9950எக்ஸின் எல்லை 95 டிகிரி. அதைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்து 95இலேயே நிற்கும். அதனால் சிபியுவில் டிகிரியைப் பார்க்காமல், எத்தனை வாட் எடுக்கிறது, எல்லாக் கோர்களும் எத்தனை கிகாஹெர்ட்ஸில் நிற்கின்றன என்று பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் அல்ல, முப்பதாவது நிமிடத்தில். வாட்டர் கூலரில் உள்ள நீர் சூடாகி நிலைக்கு வரவே நேரம் எடுக்கும், பத்து நிமிடத்தில் நிறுத்தினால் பாதி வழியில் நிறுத்திய மாதிரி.

இப்போது விஆர்எம். சிபியுவுக்கு 12 வோல்ட்டை 1 வோல்ட் சொச்சமாகக் குறைத்துக் கொடுக்கிற பகுதி அது. உங்கள் சிப்புக்கு ஏஎம்டி வைத்த எல்லை சொக்கெட்டில் 230 வாட், நீடித்து ஓடும் மின்னோட்டம் 160 அம்பியர். விலை கூடிய போர்டுகளில் சிபியு கோருக்கு மட்டும் மின்னோட்டத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற 16 அல்லது 18 பவர் ஸ்டேஜ், ஒவ்வொன்றும் 110 அம்பியர் என்று எழுதியிருப்பார்கள். 18 என்றே வைப்போம். 160ஐ 18ஆல் பிரித்தால் ஒரு ஸ்டேஜுக்கு 9 அம்பியர்கூட இல்லை. 110 தாங்கக்கூடிய ஒன்றுக்கு 9 கொடுத்தால் அது சூடாகிறதுக்குக் காரணமே இல்லை, வீணாகிற சக்தியைப் பத்து சதவீதம் என்று பெரிதாக வைத்தாலும் 23 வாட்தான், அதை அந்தப் பெரிய உலோகக் கட்டிகள் இலகுவாகப் பரப்பிவிடும். ஆகவே உங்கள் போர்ட் நன்றாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேள்வி என்னவென்றால், பாதி விலைப் போர்டும் உங்கள் வேலைக்குப் போதாமல் போகிறதா என்பது.

அதை மேசையில் வைத்துப் பார்க்க முடியாது. திறந்த மேசையில் ஜன்னல் காற்று எல்லாப் பக்கமும் வரும். கேஸுக்குள் வாட்டர் கூலர் போட்டால் சிபியுவைச் சுற்றி ஃபேனே இருக்காது, டவர் கூலர் என்றாலாவது அதன் காற்று ஹீட்சிங்கில் படும். கிராபிக்ஸ் கார்டின் சூடும் அதே பெட்டிக்குள்தான் வரும். எனவே கண்ணாடிக் கதவை மூடி, கிராபிக்ஸ் கார்டும் வேலை செய்கிற மாதிரி உங்கள் சொந்தக் கல்யாண வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் போட்டுப் பாருங்கள். இரண்டு போர்டுக்கும் ஒரே ஃபைல், ஒரே கேஸ், ஒரே ஃபேன் வேகம், ஒரே நேரம்.

பயோஸ் பதிப்பையும் எழுதி வையுங்கள். சில போர்டுகள் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே சிப்பின் எல்லையை உயர்த்தி வைத்திருக்கும், அதனால் மார்க் கூட வரும், அது போர்டின் திறமை இல்லை. இன்டெல் பக்கம் 2024இல் நடந்தது இதற்கு நல்ல பாடம். 13ஆம், 14ஆம் தலைமுறைச் சிப்களில் பிரச்சினை வந்து, ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் சிப்பின் உள் மென்பொருளான மைக்ரோகோட்டில் மாற்றங்கள் வந்தன, போர்டுகளின் ஆரம்ப அமைப்பையே மாற்ற வேண்டி வந்தது. அதற்கு முன் எழுதிய விமர்சனத்தின் எண்களை இன்றைய பயோஸோடு ஒப்பிட்டால் பிழைதான் வரும். விமர்சனத்தின் திகதியைப் பார்க்காமல் நான் எதையும் வாசிப்பதில்லை.

கல்லடிக்கரை எழுதியது:

நானா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன். கேஸுக்குள் பூட்டி, கதவை மூடி, அரை மணித்தியாலம்.

பகல் இரண்டு மணி, அறை 33.5: சிபியு 95இல் நின்றது, 4.85 கிகாஹெர்ட்ஸ், விஆர்எம் 74, டேப்பின் மேல் கன் காட்டியது 67. இரவு ஏசி போட்டு அறை 24: சிபியு 91, 5.0 கிகாஹெர்ட்ஸ், விஆர்எம் 64. பகலில் 40.5 கூட, இரவில் 40 கூட. அந்தக் கணக்கு இவ்வளவு ஒத்துவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேசையில் வந்த 58ஐ நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன்.

லைட்டை அணைத்தும் பார்த்தேன். மேல் கட்டியில் செதில் இருக்கிறது, ஹீட்பைப் இருக்கிறது, பின்னால் ஸ்க்ரூ. ஆனால் எனக்கு முதல் பிடித்த அந்த ஒளிரும் மூடி பிளாஸ்டிக். வெள்ளிப் பட்டை உலோகம், கீழே எதையும் தொடவில்லை. ஊசிகள் எல்லாம் நேராக இருக்கின்றன, 100 மில்லிமீட்டர் மக்ரோவில் ஒவ்வொரு வரிசையாக எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒரு சந்தேகம், நாலு ராம் ஸ்லொட்டில் இரண்டு வெறுமையாக இருப்பது கண்ணாடிக்குப் பின்னால் வடிவாக இல்லை. இன்னும் இரண்டு 32 ஜிபி வாங்கிப் போடலாமா?

களுவாஞ்சிக்குடி_ஸ்டூடியோ எழுதியது:

தம்பி, அந்த இரண்டையும் வாங்காதீங்க. நான் வாங்கிப் பட்டவள். ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி சொல்வது இரண்டு ராமுக்கு 5600, நாலு போட்டால் 3600. அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். நான் நாலு போட்ட முதல் நாள் ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்க, பழுது என்று நினைத்து மூன்று தடவை நிறுத்திவிட்டேன், பிறகுதான் விளங்கியது அது ராமைப் பழக்குகிற நேரம், சில நிமிடம் எடுக்கும், விட்டுவிட வேண்டும் என்று. அந்த நேரம் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. உங்களுக்கு 64 காணாது என்றால் 48 ஜிபி இரண்டு வாங்குங்க. வெறும் ஸ்லொட் கண்ணுக்குக் குறை என்றால் லைட் மட்டும் உள்ள டம்மி ராம் விற்கிறார்கள், அதைப் போடுவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

வடிவைப் பற்றி நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. என் ஸ்டூடியோவில் கேஸ் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பொம்பிளை மாப்பிள்ளை வீட்டார் அல்பம் தெரிவு செய்ய வந்தால் அதைப் பார்த்துத்தான் கதைக்கத் தொடங்குவார்கள். அது தொழிலுக்கு உதவிய காசு. ஆனால் அந்த வடிவில் முக்கால்வாசியைக் கிராபிக்ஸ் கார்ட் மூடிவிடும், பெரிய கார்ட் போட்டால் எம்.2 மூடிகள் ஒன்றும் வெளியே தெரியாது. சாதாரண ஏடிஎக்ஸ் போர்ட் 305க்கு 244 மில்லிமீட்டர், இந்த மேல்தர போர்டுகளில் சில இன்னும் அகலம், கேஸில் வயர் போகிற ரப்பர் ஓட்டையை மூடிவிடும், அப்போது வயர் எல்லாம் முன்னுக்கு வளைந்து வந்து முழு வடிவும் கெட்டுவிடும். அளந்து பாருங்க. ஃபேன் லைட் பூட்டும்போது 5 வோல்ட் மூன்று பின்னையும் 12 வோல்ட் நாலு பின்னையும் மாற்றிவிடாதீங்க, 5 வோல்ட் லைட்டை 12இல் கொடுத்தால் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

எக்ஸ்870ஈ என்பதில், யுஎஸ்பி, டிரைவ் மாதிரி இணைப்புகளைக் கவனிக்கிற சிப்செட் சிப் இரண்டு, எக்ஸ்870இல் ஒன்று, பெரிய வித்தியாசம் அவ்வளவுதான். யுஎஸ்பி4 இரண்டிலும் கட்டாயம் இருக்கும். சிபியுவிலிருந்து வருகிற தரவுப் பாதைகள் இரண்டிலும் ஒன்றே. உங்களுக்கு நாலைந்து எம்.2 டிரைவும் வேகமான நெட்வேர்க் சேமிப்பும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்க. அப்படி வைத்தாலும் மனுவலில் எந்த எம்.2 ஸ்லொட் போட்டால் கிராபிக்ஸ் கார்ட் பதினாறிலிருந்து எட்டுப் பாதைக்கு இறங்கும் என்ற பக்கத்தை வாசியுங்க, பலர் பிழைவிடுகிற இடம் அது. ஒன்றிரண்டு டிரைவ்தான் என்றால் மற்றப் போர்ட் காணும், மிச்சக் காசில் நல்ல யூபிஎஸ் வாங்குங்க. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முழு நாடும் இருண்ட நேரம் நான் ஆறு கமராவின் மெமரி கார்டைக் கொப்பி பண்ணிக்கொண்டிருந்தேன். யூபிஎஸ் இருந்தபடியால் முடித்து நிறுத்தினேன்.

உங்கள் வீட்டு பிளக் பொயின்டில் எர்த் இருக்கிறதா? கேஸைத் தொட்டால் மெல்லிய சுருக் வந்தால் இல்லை என்று அர்த்தம், பழைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிபண்ணாமல் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

காத்தான்குடி_ஈயப்பற்று எழுதியது:

அக்கா சொன்ன எர்த் விஷயம் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது.

74 என்பது பயப்படுகிற சூடு இல்லை தம்பி. அந்தப் பவர் ஸ்டேஜ்கள் 125 வரை தாங்கச் செய்தவை. பக்கத்தில் உள்ள கப்பாசிட்டர்களைத்தான் நான் யோசிப்பேன். 105 டிகிரியில் 5,000 மணி என்று குறித்த பொலிமர் கப்பாசிட்டர் 85இல் ஓடினால் 50,000 மணி வரை போகும் என்பதுதான் வழக்கமான கணக்கு. மற்றப் போர்ட் பகலில் 85க்குள் நின்றால் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கல்லடிக்கரை எழுதியது:

நண்பரின் எக்ஸ்870 போர்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் பூட்டினேன். அதே கேஸ், அதே ராம், பகல் இரண்டே கால், அறை 33. விஆர்எம் 81. சிபியு 95, 4.85. போன மாதம் ஆரையம்பதியில் எடுத்த கல்யாணத்தின் எக்ஸ்போர்ட் என் போர்டில் 22 நிமிடம் 40 விநாடி, இதில் 22 நிமிடம் 51 விநாடி. திரும்ப ஓட்டினால் 22 நிமிடம் 43. பின்பக்க ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமாக்கியதும் விஆர்எம் 77க்கு இறங்கியது.

என்னிடம் எம்.2 டிரைவ் இரண்டுதான். மாற்றிக்கொள்ளப் போகிறேன். மச்சானிடம் சொன்னேன், அவருக்குக் கோபம் இல்லை, யூபிஎஸ் பற்றி அவரே விசாரிக்கிறார். எர்த் பார்க்க நாளைக் காலை ஆள் வருகிறார்.

மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இதைவிட வடிவான போர்ட் ஒன்றை நான் கையில் வைத்ததில்லை. கொடுக்கிறதுக்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில், லைட் அணைத்து, நாலு பக்கமும் படம் எடுத்தேன். பிறகு சொக்கெட் ஊசிகளை மக்ரோவில் இன்னொரு தடவை எடுத்து, திகதியோடு நண்பருக்கும் அனுப்பிவிட்டு, கறுப்பு மூடியைப் போட்டு வெள்ளிப் பையில் வைத்தாயிற்று.